பின்கூரையில் வைத்த சோலார்

பெட்டரி சுமந்த பிள்ளைகள் என்று ஒரு கூட்டம் உண்டு. நாம்தான் அது. ஐம்பதை நெருங்கியும் தாண்டியும் நிற்கிற நம்மில், கரண்ட் வராத வீடுகளில் வளர்ந்தவர்களுக்கு அந்தக் கனம் விரல்களில் இன்னும் இருக்கும். கயிற்றுப் பிடி கையை அறுக்கும். கொஞ்சம் சரித்தால் மூடிகளின் ஓரத்தில் அசிட் கசியும். பஸ்ஸில் ஏற்றினால் கொண்டக்டர் திட்டுவார், யாருடைய காலுக்குப் பக்கத்திலும் வைக்க விடமாட்டார். சட்டையில் விழுந்த ஓட்டை அன்றைக்குத் தெரியாது. அடுத்த முறை துவைக்கும்போதுதான் அந்த இடத்தில் துணி கையோடு வரும்.

உங்களில் பலர் அதைச் சுமந்தது டிவிக்காக. சனிக்கிழமைப் படத்துக்கும் கிரிக்கெட்டுக்கும் டவுனுக்குக் கொண்டுபோய்ச் சார்ஜ் ஏற்றி வந்தவர்களை எனக்குத் தெரியும். எங்கள் வீட்டில் டிவி இல்லை. எங்கள் பெட்டரி ஒரேயொரு டியூப் லைட்டுக்காக வந்தது. அந்த லைட் அக்காவுக்காக வந்தது. அக்காவின் நெஞ்சுக்காக என்று சொன்னால் இன்னும் சரியாக இருக்கும்.

அப்போது நாங்கள் மடுல்கெல்லைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் இருந்தோம். அப்பா தோட்டப் பள்ளிக்கூடத்தில் மாஸ்டர். அவருக்குக் கொடுத்த வீடு தொழிலாளர் லயங்களிலிருந்து தள்ளி, பஸ் போகும் ரோட்டுக்கு மேலே, நாற்பது படி ஏறினால் வரும் தகரக்கூரை வீடு. முன்பக்கம் தெற்கு, ரோடும் அதற்குக் கீழே பள்ளத்தாக்கும். பின்பக்கம் மலை. கரண்ட் துரை பங்களாவுக்கும் பெக்டரிக்கும் மட்டும்தான் வந்திருந்தது. கம்பி எங்கள் வீட்டைத் தாண்டித்தான் பங்களாவுக்குப் போனது.

அக்காவுக்கு இழுப்பு. பிறந்ததிலிருந்து இருந்தது என்று அம்மா சொல்வாள். குளிர் தாங்குவாள், மழை தாங்குவாள், மண்ணெண்ணெய்ப் புகை மட்டும் தாங்கமாட்டாள். குப்பி லாம்பை ஏற்றி அரை மணி நேரம் போனால் அவள் தோள் இரண்டும் உயர்ந்து உயர்ந்து இறங்கும். சத்தம் அடுத்த அறைக்குக் கேட்கும். பள்ளியிறுதிச் சாதாரண தரப் பரீட்சையை அவள் முதல் தடவை எழுதியபோது எட்டுப் பாடத்தில் ஏழு சரிவந்தது. கணிதம் தவறியது. கணிதச் சோதனைக்கு முதல் நாள் லாம்புக்கு முன்னால் இருந்துவிட்டு, சோதனை மண்டபத்தில் மூச்சு வாங்கி அரைவாசியில் எழுந்து வந்துவிட்டாள்.

இரண்டாவது தடவையும் தவறினால் அவள் கொழும்புக்குப் போவது என்று முடிவாகியிருந்தது. அங்கே அத்தை ஒரு கார்மன்ட் பெக்டரியில் வேலை செய்துகொண்டிருந்தாள். கட்டிங் பகுதியில் ஆள் எடுக்கிறார்கள் என்று கடிதம் போட்டிருந்தாள். அத்தை ஒரு தடவை லீவில் வந்தபோது அவள் பையைத் திறந்ததும் துணித் தூசு கிளம்பியது. அக்கா இருமிக்கொண்டு வெளியே போனாள். அதை வீட்டில் எல்லோரும் பார்த்தோம்.

ஆடி மாதத்தில் அப்பா சோலார் வாங்கினார்.

அக்குறணையில் ரேடியோவும் பெட்டரியும் விற்கிற ஒரு கடை. கடைக்காரர் முஸ்லிம்; அண்ணன் என்கிற அர்த்தத்தில் அப்பா அவரை நானா என்பார். நாங்களும் அப்படியே சொன்னோம். நானா தன் வேனிலேயே எல்லாவற்றையும் கொண்டுவந்தார். அலுமினியச் சட்டம் போட்ட கண்ணாடிப் பலகை. உள்ளே கருநீலத்தில் வட்டம் வட்டமாக எதுவோ ஒட்டியிருந்தது. கறுப்புப் பெட்டரி, ஆறு மூடி. சிவப்பு, மஞ்சள், பச்சை என்று மூன்று சின்ன லைட் உள்ள ஒரு பெட்டி; பெட்டரிக்கு எவ்வளவு ஏறியிருக்கிறது என்பதை அது சொல்லும். பெட்டரியைப் படியேற்ற மூங்கிலில் கட்டி நானாவும் அப்பாவும் தோளில் வைத்துக்கொண்டார்கள். நான்கு இடத்தில் இறக்கி வைத்தார்கள்.

நானா நேரே முன்கூரையில் ஏணியைச் சாத்தினார். அப்பா ஏணியை எடுத்துக்கொண்டுபோய்ப் பின்பக்கம் சாத்தினார்.

"மாஸ்டர், முன்னுக்கு நல்ல திறந்த வெளி ஈக்கி. பின்னுக்கு என்னத்துக்கு?"

"பின்னுக்கே வையுங்க நானா. மழைச்சாரல் முன்னாலதான் அடிக்கும்."

"சாரலுக்கு இது கரையாது மாஸ்டர், சீனியா?"

அப்பா சிரிக்கவில்லை. நானா பின்கூரையில் பூட்டிவிட்டு, பாலில்லாத பிளேன்டி குடித்துவிட்டு, அம்மாவிடம் பெட்டரிக்கு ஊற்றும் தண்ணீர்ப் போத்தல் இரண்டைக் கொடுத்தார். "தங்கச்சி, இந்தத் தண்ணி மட்டும்தான். மலையால வாற பீலித் தண்ணி ஊத்தினா செத்துப்போகும். குடிக்கவும் படாது. புள்ளைக்கு எட்டாத இடத்துல வைங்க" என்று என்னைப் பார்த்தார். எனக்குப் பத்து வயது. எட்டாத இடம் என்று அந்த வீட்டில் எதுவும் இல்லை.

ஆடியும் ஆவணியும் நன்றாக இருந்தன. மாலை ஆறரைக்கு அப்பா சுவிட்சைப் போடுவார். டியூப் இரண்டு தடவை கண்ணைச் சிமிட்டிவிட்டுப் பிடித்துக்கொள்ளும். எங்கள் வீட்டுச் சுவர் வெள்ளையில்லை, பழுப்பு என்பது எனக்கு முதல் நாள்தான் தெரிந்தது. அம்மா மறுநாளே ஒட்டடை அடித்தாள். லயத்துப் பிள்ளைகள் வாசலில் வந்து நின்று பார்த்தார்கள். அக்கா மேசையை லைட்டுக்கு நேர் கீழே இழுத்துப் போட்டுக்கொண்டாள். பத்து மணிவரை கணக்குச் செய்தாள். அவள் மூச்சுச் சத்தம் கேட்கவில்லை. பென்சில் சத்தம்தான் கேட்டது.

சனிக்கிழமைகளில் அப்பா ஆறு மூடிகளையும் கழற்றி, ரப்பர்க் குமிழ் வைத்த கண்ணாடிக் குழாயை ஒவ்வொன்றிலும் விட்டு அசிட்டை உறிஞ்சிப் பார்ப்பார். உள்ளே ஒரு சின்ன மிதவை. அது பச்சைக் கோடுவரை மிதந்தால் நல்லது, வெள்ளையில் நின்றால் நடுத்தரம், சிவப்பில் நின்றால் கெட்டது. நான் பக்கத்தில் கொப்பியும் பென்சிலுமாக இருந்து "ஒன்று பச்சை, இரண்டு பச்சை" என்று எழுதினேன். அந்த மணம் ஞாபகம் இருக்கிறதா உங்களுக்கு? பழைய சல்லிக்காசை வாயில் போட்டால் வருமே, அந்த ருசியின் மணம்.

ஐப்பசி பிறந்தபோது கொப்பியில் பச்சை போய் வெள்ளை வந்தது. பிறகு ஒன்று சிவப்பு, இரண்டு சிவப்பு. ஒன்பது மணிக்கு லைட் மங்கியது. அப்புறம் எட்டு மணிக்கு. அப்பா மழையைக் குறை சொன்னார்; ஒரு தடவை என்னையும் ஒரு பக்கம் பிடிக்கவைத்துப் பெட்டரியைப் பஸ்ஸில் டவுனுக்குக் கொண்டுபோய்ச் சார்ஜ் ஏற்றிவந்தார். ஏழு நாளும் மழையில்லாத ஒரு கிழமையும் வந்தது. அப்போதும் எட்டு மணிக்கு மங்கியது. கார்த்திகையில் ஒருநாள் ஏழே காலுக்கு டியூபின் இரண்டு நுனியும் செம்மையாகி நின்றன. அம்மா குப்பி லாம்பை எடுத்துத் துடைத்தாள். அக்கா புத்தகத்தை மூடினாள். பரீட்சைக்கு இன்னும் ஆறு கிழமை இருந்தது.

மறுநாள் அப்பா என்னையும் கூட்டிக்கொண்டு அக்குறணைக்குப் போனார். கடையில் ஆட்கள் நின்றார்கள். அப்பா கொப்பியை மேசைமேல் விரித்து வைத்தார்.

"நானா, நீங்க பழைய பெட்டரிக்குப் புது லேபல் ஒட்டிக் குடுத்திருக்கீங்க."

"என்ன மாஸ்டர் செல்றீங்க?"

"எழுதியிருக்கேன் பாருங்க. மூணு மாசத்துல செத்துப்போச்சு. புதுப் பெட்டரி இப்படிச் சாகுமா? படிச்ச ஆளையே ஏமாத்தினா மத்தவங்கள என்ன செய்வீங்க?"

ரேடியோ திருத்த வந்த ஒரு கிழவர் எழுந்து நின்று பார்த்தார். நானாவின் காது சிவந்தது. அவர் கத்தவில்லை. கொப்பியைத் தன் பக்கம் திருப்பி, முதல் பக்கத்திலிருந்து விரலை வைத்து வாசித்தார்.

"இது ஆரு எழுதின?"

"நான்" என்றேன்.

"நல்லா எழுதீக்கி புள்ள." கொப்பியை மூடி என்னிடம் தந்தார். "மாஸ்டர், ஞாயிற்றுக்கிழம வாறேன். வந்து பாத்துட்டு, என்ட பிழையெண்டா புதுசு தாறேன். உங்கட பிழையெண்டா ஒரு பிளேன்டி தாங்க, போதும்."

பஸ்ஸில் திரும்பி வரும்போது அப்பா, "சாமர்த்தியமாப் பேசுறான்" என்றார். அந்த 'றான்' எனக்குப் புதிது. அப்பா வெளியாட்களை அப்படிச் சொல்லமாட்டார்.

ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு நானா வந்தார். பெட்டரியைப் பார்க்கவேயில்லை. நேரே பின்பக்கம் போய், வெயிலையும் கூரையையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு இடுப்பில் கையை வைத்துக்கொண்டு சிரித்தார்.

"மாஸ்டர், சூரியன் இப்ப எந்தப் பக்கம் போகுது?"

அப்பா தலையை நிமிர்த்திப் பார்த்தார்.

"நீங்கதானே பள்ளிக்கூடத்துல படிச்சுக் குடுக்கிற? ஆடியில உச்சிக்கு வடக்கால போகும். இப்ப தெற்கால போகுது. உங்கட பலகை வடக்கப் பாத்துத் தொழுகுது. பாருங்க, பத்து மணி, இன்னும் முகட்டு நெழல் அதுட மூஞ்சியில."

அக்கா ஜன்னலுக்குள்ளிருந்து, "நான் அப்பவே நெனச்சேன்" என்றாள். அவளுடைய சமூகக்கல்விப் புத்தகத்தில் அந்தப் படம் இருந்தது. அதை அவளுக்குச் சொல்லிக்கொடுத்ததே அப்பாதான்.

"பெட்டரி புதுசுதான் மாஸ்டர். தெனமும் அர வயிறு சாப்பாடு குடுத்தா நீங்களும் நானும் என்ன ஆவோம்? அதுவும் அப்படித்தான். தகட்டுல வெள்ள பூத்துப்போகும். இன்னும் கெடல்ல. இண்டைக்கே முன்கூரைக்கு மாத்துவோம். ரெண்டு கிழமையில எழும்பிரும்."

அப்பா, "முன்னுக்கு வேணாம்" என்றார்.

"ஏன்?"

"வேணாம் நானா."

நானா அம்மாவைப் பார்த்தார். அம்மா கையைச் சேலையில் துடைத்தாள். அவள் அதிகம் பேசுகிறவள் இல்லை.

"முன்னுக்கு வச்சா ரோட்டுக்குத் தெரியும் நானா" என்றாள். "முந்தி நாங்க அம்பிட்டியவுல இருந்தோம். தமிழாளுங்க மேல வந்த கலவரத்துல வீட்ட எரிச்சுட்டாங்க. அந்த ஒழுங்கையிலயே டிவி அன்டெனா இருந்த வீடு எங்க வீடுதான். புள்ளைங்க அப்பா தன் கையாலதான் ஏத்தினாங்க. அதப் பார்த்துத்தான் எரிக்க வந்தாங்கன்னு இவங்க நெனப்பு."

எனக்கு அப்போதுதான் தெரியும். வீடு எரிந்தபோது எனக்கு நாலு வயது. எனக்கு ஞாபகமிருப்பது யாரோ ஒருவர் வீட்டு மாட்டுக்கொட்டிலில் மூன்று நாள் இருந்ததும், அங்கே குடித்த பாலும் மட்டும்தான்.

"அன்டெனாவப் பார்த்து வரலைங்க" என்று அம்மா அப்பாவிடம் திரும்பிச் சொன்னாள். முதல் தடவை சொல்கிற குரலாக அது இல்லை. "கையில லிஸ்டு இருந்துச்சு. பேர வாசிச்சாங்க. நான் கதவுக்குப் பின்னால நின்னு கேட்டேன்."

அப்பா பின்கூரையையே பார்த்துக்கொண்டு நின்றார். இந்த வயதில் எனக்கு அது விளங்குகிறது. அன்டெனாதான் காரணம் என்றால் அடுத்த தடவை அன்டெனா வைக்காமல் இருந்துவிடலாம். பட்டியல்தான் காரணம் என்றால் செய்வதற்கு ஒன்றும் இல்லை. அப்பா செய்வதற்கு ஏதாவது இருக்கிற பக்கத்தைப் பிடித்துக்கொண்டார்.

நானா பின்கூரையில் ஏணியைச் சாத்தினார். பிறகு, "சரி, கூரையே வேணாம்" என்றார்.

பலகையைக் கழற்றி இறக்கினார்கள். வீட்டுக்கு முன்னால் ஒரு படுக்கைப் பாறை இருந்தது. அம்மா மிளகாய் காயப்போடுகிற இடம். நானா மூங்கிலில் ஒரு சட்டம் கட்டிப் பலகையை அதில் சாய்த்தார். கம்பியை ஜன்னல் வழியாக உள்ளே இழுத்தார். காலையில் கிழக்கே திருப்பி வைப்பது, மத்தியானம் தெற்கே, பிறகு மேற்கே. இருட்டினால் வீட்டுக்குள் தூக்கி வைப்பது. ரோட்டில் வாகனம் வந்தால் மேலே சாக்கைப் போட்டு மூடுவது. தோட்டத்தில் கொழுந்துச் சாக்கு எங்கே கிடந்தாலும் யாரும் பார்க்கமாட்டார்கள் என்று அப்பா சொன்னார். அது அவருடைய யோசனை.

"ஆரு மூடுற?" என்று நானா கேட்டார்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். பள்ளிக்கூட லீவு தொடங்க இருந்தது.

"கொப்பி எழுதின புள்ளயா? அப்ப சரி. கெட்டிக்காரிதான்" என்றார் நானா. பிளேன்டியை வாங்கிக் குடித்தார். அப்பா அவரிடம் கடையில் சொன்னதைப்பற்றி எதுவும் சொல்லவில்லை. படிவரைக்கும் கூடப்போனார். அவ்வளவுதான்.

அந்த லீவு முழுவதும் நான் பாறையில் இருந்தேன். நீங்கள் கிட்டிப்புள்ளும் எல்லேயும் விளையாடிய லீவு அது. சாக்கில் கொழுந்துக் கறை காய்ந்து பச்சையும் கறுப்புமாக மொறமொறவென்று இருக்கும். அதைக் குடையாகப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். வாகனங்களைச் சத்தத்தை வைத்துத் தெரிந்துகொண்டேன். பஸ் கீழே பாலத்தில் ஏறும்போதே தெரியும். அதற்கு நிதானமாக மூடலாம். கொழுந்து லொறி வளைவில் கியர் மாற்றும். டிரெக்டருக்கு மூடத் தேவையில்லை, டிரைவர் லயத்து ஆள். ஜீப்தான் கஷ்டம். ஜீப் இறக்கத்தில் சத்தமில்லாமல் வரும். மலையில் அந்த மாதங்களில் ஆமி ஜீப் அடிக்கடி வந்தது. வடக்கில் எங்கேயோ குண்டு வெடித்தால் இரண்டு நாளில் எங்கள் ரோட்டில் ஜீப் போகும்.

பத்தாம் நாள் கொப்பியில் வெள்ளை வந்தது. பதினைந்தாம் நாள் ஆறும் பச்சை. பெட்டியில் பச்சை லைட் எரிவதைப் பார்க்க அக்கா மத்தியானங்களில் என்னிடம் வந்து, "ஏறிடுச்சாடி?" என்று கேட்டுவிட்டு என் தலையில் குட்டிவிட்டுப் போவாள். லைட் மறுபடி பத்து மணிவரை நின்றது. அவள் பழைய வினாத்தாள்களை ஒவ்வொன்றாக முடித்தாள்.

பரீட்சை தொடங்கியது. அக்கா காலை பஸ்ஸில் டவுனுக்குப் போய் எழுதிவிட்டு வந்தாள். கணிதத்துக்கு முந்திய நாள் அவளுக்குச் சோதனை இல்லை. உள்ளே உட்கார்ந்து கேத்திரகணிதத் தேற்றங்களைச் சத்தமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். நல்ல வெயில். பலகையை மேற்கே திருப்பி வைத்திருந்தேன். மணி இரண்டு இருக்கும்.

அடுத்து நடந்ததை இருந்தபடியே சொல்கிறேன். அன்றைக்கு யாரும் என்னிடம் கேட்கவில்லை. நானும் யாரிடமும் சொல்லவில்லை.

நான் ஜீப்பின் சத்தத்தைக் கேட்கவில்லை. பாறையின் மறு ஓரத்தில் உட்கார்ந்து, அக்கா சொல்கிற தேற்றத்தை நானும் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தேன். நிமிர்ந்தபோது ஜீப் எங்கள் படிக்கட்டுக்கு நேரே இருந்தது. அது நிற்கவில்லை. எங்கள் பக்கம் யாரும் பார்க்கவுமில்லை. அது கடந்து போனது. பின்னால் ரோட்டைப் பார்த்து உட்கார்ந்திருந்த ஒரு சிப்பாய் மட்டும் தெரிந்தான், கையில் வாழைப்பழம் வைத்திருந்தான். அப்போதுதான் நான் எழுந்து ஓடினேன். சாக்கை இரண்டு கையாலும் விரித்துப் பலகையின்மேல் போட்டு, அதன்மேல் நானும் விழுந்தேன்.

ஜீப் நின்றது. பின்னால் வந்தது.

மூன்று பேர் படியேறி வந்தார்கள். ஒருவன் என்னைத் தோளில் பிடித்து நகர்த்திவிட்டுத் துவக்குக் குழலின் நுனியால் சாக்கைத் தூக்கினான். "மொக்கத மே?" என்றான். இது என்ன என்று கேட்கிறான் என்பது எனக்குத் தெரியும். அவன் விரல் முட்டியால் கண்ணாடியைத் தட்டிப் பார்த்தான். பிறகு கம்பியைக் கண்டான். கம்பியைப் பிடித்துக்கொண்டே ஜன்னல்வரை போனான். உள்ளே மேசைக்குக் கீழே கறுப்புப் பெட்டரி, அதிலிருந்து சிவப்புக் கம்பியும் கறுப்புக் கம்பியும், லைட் எரிகிற ஒரு சின்னப் பெட்டி. அவன் இடத்தில் இருந்து பார்த்தால் அது எப்படித் தெரிந்திருக்கும் என்று இப்போது யோசிக்க முடிகிறது.

அப்பா சிங்களத்தில் சொன்னார். லைட் சுவிட்சைப் போட்டுக் காட்டினார். அலுமாரியிலிருந்து பில்லை எடுத்துக் கொடுத்தார். பெரியவனாகத் தெரிந்தவன் எல்லாவற்றையும் கேட்டான். மரியாதையாகத்தான் கேட்டான். கடைசியில் ஒரு கேள்வி கேட்டான்: "லைட்டுக்குத்தான் என்றால், மாஸ்டர், ஏன் மறைத்தீர்கள்?"

அப்பா லைட் சுவிட்சை இன்னொரு தடவை போட்டுக் காட்டினார்.

பெட்டரியை இரண்டு பேர் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள். பெட்டி, கம்பி, பில் எல்லாம் போயின. அப்பாவும் போனார். செருப்பு மாட்ட விட்டார்கள். பலகை ஜீப்புக்குள் போகவில்லை; பாறையிலேயே விட்டுவிட்டார்கள்.

அம்மா அழவில்லை. என் கணக்குக் கொப்பியில் ஒரு தாளைக் கிழித்து நாலு வரி எழுதினாள். மூன்றரை பஸ்ஸை மறித்துக் கொண்டக்டரிடம் கொடுத்தாள். "தம்பி, கட்டுகஸ்தோட்டையில அக்குறணை பஸ்ஸுல யாருகிட்டயாவது குடுத்துடு. பெட்டரிக் கட நானாவுக்கு." அவன் வாசித்துப் பார்த்தான். சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, "நானே இறங்கிப் போறேன் அக்கா" என்றான். பஸ்ஸில் பெட்டரி ஏற்றியதற்காக எங்களைத் திட்டிய அதே கொண்டக்டர்.

இருட்டத் தொடங்கியது. அக்கா மேசையில் உட்கார்ந்திருந்தாள். அம்மா குப்பி லாம்பை ஏற்றிக் கொண்டுவந்தாள். அக்கா அதைப் பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள். "அம்மா, வேணாம். படிச்சது போதும்" என்றாள். போதாது என்று எங்கள் மூவருக்கும் தெரியும்.

நான் லாம்பை வாங்கிக்கொண்டு வெளியே போனேன். ஜன்னல் கதவைச் சாத்தச் சொன்னேன். வெளியே இருந்து லாம்பைக் கண்ணாடியோடு சேர்த்துப் பிடித்தேன். வெளிச்சம் உள்ளே போனது; புகை என்னோடு நின்றது. அக்கா மேசையை ஜன்னலோடு ஒட்டித் தள்ளினாள். அவளுக்கும் எனக்கும் நடுவில் கண்ணாடி. ஒரு கை வலித்தால் மறு கைக்கு மாற்றினேன். அம்மா வந்து கொஞ்ச நேரம் பிடித்தாள், பிறகு மறுபடி நான். கண்ணாடியில் கரி படிந்தபோது பாவாடையால் துடைத்தேன். அக்கா ஒரு தடவை நிமிர்ந்து, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நாக்கை வெளியே நீட்டிக் காட்டினாள். பிறகு குனிந்து எழுதினாள். அவள் மூச்சு எனக்குக் கேட்கவில்லை. கண்ணாடியிலும் அது திட்டுத் திட்டாக, நிதானமாகத்தான் படிந்தது.

காலையில் அவள் பஸ் ஏறினாள்.

அப்பா மத்தியானத்துக்குப் பிறகு வந்தார். நானாவின் வேன் கீழே நிற்பது தெரிந்தது. அப்பா படியேறி வந்தார். பெட்டரியை ஒற்றைக் கையில் தூக்கிக்கொண்டு வந்தார். எங்கேயும் இறக்கி வைக்கவில்லை. அதைப் பார்த்தவுடனே எனக்குத் தெரிந்துவிட்டது. ஆமி அவரைக் கொண்டுபோய் ஒப்படைத்த பொலிஸில், உள்ளே வேறு ஏதாவது இருக்கிறதா என்று பார்க்க அதைக் கவிழ்த்துவிட்டிருந்தார்கள். அசிட் எல்லாம் முற்றத்துப் புல்லில் போய்விட்டது.

நானா பின்னால் வந்தார். நடந்ததை அவர்தான் சொன்னார். விடியக்காலையிலேயே கடையைப் பூட்டிவிட்டு, பில் புத்தகத்தோடும் இன்னொரு பலகையோடும் பொலிஸுக்குப் போயிருக்கிறார். பில் புத்தகத்தை அவர்கள் சரியாகப் பார்க்கவில்லை. அதனால் பலகையை முற்றத்தில் வெயிலில் வைத்து, ஒரு சின்னப் பல்பை மாட்டி எரியவிட்டுக் காட்டியிருக்கிறார்.

"பெரியவர் கைய வச்சு நெழல் போட்டாரு, லைட் நிண்டுச்சு. கைய எடுத்தாரு, எரிஞ்சிச்சு. பத்துத் தரம் செஞ்சிருப்பாரு தங்கச்சி, சின்னப் புள்ள மாதிரி. பொறகு என்னையப் பாத்து, 'இது என்ன விலை'ண்டு கேக்குறாரு!"

அம்மா சிரித்தாள். அப்பா நானாவுக்குக் கதிரை எடுத்துப் போட்டார். அம்மா கொண்டுவந்த பிளேன்டியைத் தன் கையால் வாங்கி அவருக்குக் கொடுத்தார். "நானா, அன்னைக்குக் கடையில..." என்று தொடங்கினார்.

"சீனி கொறவு மாஸ்டர்" என்றார் நானா. அப்பா உள்ளே போய்ச் சீனிப் போத்தலை எடுத்துவந்தார். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

அதன்பிறகு அப்பா என்னைக் கூப்பிட்டார். அவர் கண் வீங்கியிருந்தது. தூக்கமில்லாததாலா, வேறு எதனாலா என்று நான் கேட்கவில்லை.

"மூடினியா?"

"மூடினேன் அப்பா."

எப்போது மூடினேன் என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேனா என்று இத்தனை வருடம் கழித்தும் எனக்கு நிச்சயமில்லை. ஜீப் போய்விட்டிருந்தது. நான் சும்மா உட்கார்ந்திருந்தால் அது போய்க்கொண்டே இருந்திருக்கும். அப்பா எனக்கு மூடச் சொல்லித் தந்திருந்தார். மூடாமல் இருப்பது எப்போது என்று சொல்லித் தந்திருக்கவில்லை. அவருக்கே அது தெரியாது.

அவர் என் தலையில் கையை வைத்தார். "இனி மூட வேணாம்" என்றார்.

பிறகு ஏணியை எடுத்து முன்கூரையில் சாத்தினார். நானா கீழே நின்று பலகையைத் தூக்கிக் கொடுத்தார். "மாஸ்டர், பெட்டரி வர இன்னும் ரெண்டு கிழம ஆகும். இப்ப என்ன அவசரம்?" என்று கேட்டுப் பார்த்தார். அப்பா வாயில் கவ்வியிருந்த ஆணிகளில் ஒன்றை எடுத்து அடித்தார்.

அக்காவின் பெறுபேறு பங்குனியில் வந்தது. கணிதத்தில் சாதாரண சித்தி; பாஸ்தான். அத்தைக்கு அம்மா கடிதம் எழுதினாள், ஆள் அனுப்பவில்லை என்று. ஆனால் அப்பா கூரையில் ஏறிய அன்றைக்கு அது யாருக்கும் தெரியாது. நாலரை பஸ் வளைவில் நின்றது. அக்கா இறங்கினாள். படிக்கட்டில் கால் வைக்காமல் ரோட்டில் நின்று மேலே பார்த்தாள். பஸ்ஸுக்குள் இருந்தவர்களும் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார்கள். மேற்கு வெயில் பலகையில் பட்டு அவர்கள் முகத்தில் அடித்தது. கொண்டக்டர் கண்ணுக்குக் கையை மறைத்துக்கொண்டான்.

"அப்பா, பாலத்துல வரும்போதே தெரியுது" என்று அக்கா கீழே இருந்து கத்தினாள்.

அப்பா கடைசி ஆணியை வாயிலிருந்து எடுத்தார். "தெரியட்டும்" என்றார்.

பலகையிலிருந்து இறங்கிய கம்பியின் இரண்டு நுனிகளும் ஜன்னலுக்கு உள்ளே, எதிலும் மாட்டாமல் தொங்கின.